மைதான ஓரம்: பலராம் ஆடிய நாள்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

சென்ற இதழில் இப்பகுதியில் எழுதிய ஒரே ஒரு வாக்கியத்துக்காக இவ்வளவு ஏச்சு வாங்க நேரும் என்று நான் எண்ணவில்லை. "ஓட்டத்திலும் உடல் உரத்திலும் இன்றைய பந்தாட்டக்காரர்கள் தம் முன்னோர்களைவிட ஒரு படி மேல்" என்று எழுதியிருந்தேன். அவ்வளவே. லேக் மார்க்கெட் பக்கத்தில் குடியிருக்கும் நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டார். "தம்பி, நீ பிறப்பதற்கு முன்பே இந்நாட்டில் பந்தாட்டம் இறந்துபோயிற்று. நீ இப்போது மைதானத்தில் பார்த்துக் கைதட்டுவது அதனுடைய திவசத்தை" என்று தொடங்குகிறது அக்கடிதம். அதை ஆசிரியரிடம் காட்டினேன். முழுவதையும் அச்சிட இடமில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் இரண்டு முறை படித்துச் சிரித்தார்.

மற்றொரு கடிதம் கரக்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியது. அவருடைய வழக்கு வேறு. பழைய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குப் படச்சுருளே இல்லையே, கண்ணால் காணாத ஒன்றைக் காதால் கேட்டு எப்படிப் புகழ்வது என்று கேட்கிறார். 2024-ஆம் ஆண்டு வந்த 'மைதான்' என்ற இந்திப் படத்தைப் பார்த்துத்தான் ரஹீம் என்ற பயிற்சியாளர் ஒருவர் இருந்தார் என்பதே தமக்குத் தெரியும் என்று உண்மையை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மூன்றாவது கட்சிக்காரன் கடிதம் எழுதவில்லை. அவன் என் வீட்டிலேயே இருக்கிறான், வயது பன்னிரண்டு, அவனுக்கு மெஸ்ஸியைத் தவிர வேறு தெய்வம் கிடையாது. அவனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முப்பத்தேழு வயது நடக்கிறது. பி.கே.பானர்ஜியோ சூனி கோஸ்வாமியோ ஆடி நான் பார்த்ததில்லை, பார்த்திருக்கவும் முடியாது. எனக்கிருப்பது கேள்வி ஞானம். திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கரக்பூர் ரயில்வே பட்டறைக்கு வந்து சேர்ந்த என் பாட்டனார், சம்பளத்தில் பாதியை ஊருக்கு மணியார்டர் செய்துவிட்டு, மிச்சத்தில் ஒரு பங்கைக் கல்கத்தா மைதானத்தில் செலவழித்தவர். ரயில்வே பாஸ் இருந்ததால் வண்டிச் செலவு இல்லை. வேர்க்கடலையும் நாலணா டிக்கெட்டும்தான். அவர் மடியில் உட்கார்ந்து நான் கேட்ட கதைகள் ராமாயணம் பாதி, பந்தாட்டம் பாதி.

அவர் சொன்னவற்றில் மிகையும் இருக்கும். ஆனால் கணக்கில் நிற்பவையும் இருக்கின்றன. 1962-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி ஜாகர்த்தாவில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரே தென் கொரியா. அதே கொரியர்கள் தொடக்கச் சுற்றில் நம்மை 2-0 என்று தோற்கடித்திருந்தார்கள். இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காதது பற்றி நம் நாட்டுப் பிரதிநிதி ஒருவர் கூறிய கருத்தால் ஊரே நம்மீது கோபமாக இருந்தது. முந்திய நாள் நம் தூதரகம் தாக்கப்பட்டது. இலட்சம் பேர் கூடிய அரங்கில் நம்மவர் பந்தைத் தொட்டாலே கூச்சல். நமக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கிக் குழுவினர்தான் என்று ஆடியவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட நாளில் ரஹீம் சாகேப் செய்ததைப் பாருங்கள். அவருடைய முக்கியமான பாக் ஜர்னைல் சிங், தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையலோடு இருக்கிறார். பின்னால் நிறுத்தினால் ஆபத்து. உட்கார வைத்தாலோ குழுவுக்கு நட்டம். ஆகவே அவரைத் தூக்கி முன்னால் சென்டர் பார்வர்டாக நிறுத்திவிட்டார்! அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராகவும் ஜர்னைல் கோல் போட்டார். இறுதி ஆட்டத்திலும் போட்டார். பி.கே. ஒன்று, ஜர்னைல் ஒன்று; முதல் இருபது நிமிஷங்களுக்குள் இரண்டு கோல். கொரியர்கள் கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பினார்கள். 2-1. காய்ச்சலில் கிடந்த தங்கராஜ் அன்று எழுந்து வந்து கோலில் நின்றார். பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய ரஹீம், அடுத்த ஆண்டு ஜூன் மாதம் புற்றுநோயால் காலமானார்.

மூத்த அன்பரே, இதை நான் ஒப்புக்கொள்கிறேன். இப்படிப்பட்ட ஒரு மாலை எங்கள் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. ஆனால் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டாமா? 1952-இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றதும் அந்தப் பொற்காலத்தில்தானே? 1948-இல் லண்டனில் பிரான்சுக்கு எதிராக இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 2-1 என்று தோற்றதும் அதே காலந்தானே? (அந்த ஒரு கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.) 1956-இல் மெல்போர்னில் நான்காம் இடம் பெற்றோம், உண்மை, நெவில் டிசூசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டு உலகத்தைத் திரும்பிப் பார்க்கச் செய்தார், அதுவும் உண்மை. ஆனால் ஹங்கேரி வராமல் போனதால் முதல் சுற்றை ஆடாமலே கடந்தோம். அந்த ஒலிம்பிக்கில் நாம் வென்றது அந்த ஓர் ஆட்டந்தான். 1951-இல் தில்லியில் ஆசியத் தங்கம் வென்றபோது போட்டியிட்ட நாடுகள் ஆறு; 1962-இல் எட்டு. இன்று ஆசியாவில் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகள் பந்தை உதைக்கின்றன. பரீட்சை எழுதுவோர் கூட்டம் பெருகினால் நம் ராங்கு இறங்குவது இயற்கையே.

இப்படி எழுதும்போது என் பாட்டனாருக்குத் துரோகம் செய்வது போல் இருக்கிறது. ஆகவே அவருக்கு மிகவும் பிடித்தமானவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத அனுமதி கேட்கிறேன். துளசிதாஸ் பலராம்.

செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடா என்ற சிற்றூரில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் பலராம். அவர் தாயார் பெயர் முத்தம்மா. நம்மைப் போலவே பிழைப்பைத் தேடி வடக்கே போன குடும்பம். வீட்டில் வசதி கிடையாது. ரஹீமின் கண்ணில் பட்டார். இருபது வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக் குழுவில் இடம் பெற்றார். 1957-இல் கல்கத்தாவுக்கு வந்து ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். 1961-இல் அவர் தலைமையில் அக்கழகம் லீக் கோப்பையை வென்றது. பி.கே., சூனி, பலராம் என்று மும்மூர்த்திகளாக இன்றும் சொல்கிறார்கள். வலப்பக்கம் பி.கே. இடி போல வருவார். சூனியின் ஆட்டம் நாட்டியம். பலராம் என்ன செய்வார்? "பந்து மற்றவர்கள் காலில் துள்ளும். அவர் காலுக்கு வந்ததும் தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி தூங்கிவிடும்" என்பார் என் பாட்டனார். முன்னால் கோல் போட வேண்டியவரே பின்னால் இறங்கி வந்து பந்தைப் பறித்து, நடுவில் நின்று பிறருக்குப் பங்கிட்டு, மறுபடி முன்னால் போய் நிற்பாராம். இன்று இதைச் செய்பவனுக்குப் பெரிய பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அன்று அதற்குப் பெயரே இல்லை.

1960-இல் ரோமில் ஹங்கேரிக்கு எதிராக நாம் 2-1 என்று தோற்ற ஆட்டத்தில் நமது கோலைப் போட்டவர் பலராம். எதிர்ப்பக்கம் ஆடியவர் ப்ளோரியான் ஆல்பர்ட்; அவர் 1967-இல் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தோம்; கோல் பி.கே.யுடையது. தோல்விதான், சமன்தான். இருந்தாலும் அந்த இரண்டு ஆட்டங்களையும் ஜாகர்த்தாத் தங்கத்துக்குச் சமமாக வைப்பேன்.

1963-இல் பலராம் ஈஸ்ட் பெங்காலை விட்டு நம் ரயில்வேக்கு வந்தார். பெங்கால் நாகபுரி ரயில்வே என்ற பெயர் மாறிப் பல வருஷங்கள் ஆன பின்னும் பந்தாட்டக் குழுவுக்கு மட்டும் பி.என்.ஆர். என்ற பெயர் நிலைத்திருந்தது. அந்தச் சட்டையை அணிந்த கொஞ்ச நாளிலேயே நுரையீரல் நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. இருபத்தேழாவது வயதில் ஆட்டம் முடிந்தது. நினைத்துப் பாருங்கள்: இருபத்தேழு! இன்றைய ஆட்டக்காரன் அந்த வயதில்தான் நன்றாக ஆடத் தொடங்குகிறான். அதன்பின் உத்தியோகம், பயிற்சி, தேர்வுக்குழு வேலை என்று காலம் கழித்து, ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தர்பாடாவில் வாழ்ந்து, 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி மறைந்தார். சூனிக்கு 1983-இலும் பி.கே.க்கு 1990-இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. மூன்றாமவருக்குக் கிடைக்கவே இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் என் பாட்டனார் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் மேலே பேசுவார்.

பி.கே.யைப் பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் இலாகாவிலேயே என்னைச் சும்மா விட மாட்டார்கள். ஜல்பாய்குரியில் பிறந்து ஜாம்ஷெட்பூரில் வளர்ந்த அந்த மனிதர் குடும்பப் பாரத்தைச் சுமந்தவர். 1955-இல் கிழக்கு ரயில்வேயில் உத்தியோகம் கிடைத்தது. பிறகு ஆட்டத்தை நிறுத்தும்வரை ஈஸ்டர்ன் ரயில்வே குழுவுக்கே ஆடினார். மோகன் பாகானுக்கும் போகவில்லை. ஈஸ்ட் பெங்காலுக்கும் போகவில்லை. 1958-இல் ஈஸ்டர்ன் ரயில்வே கல்கத்தா லீக்கை வென்றது. மோகன் பாகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரிய வீடுகளுக்கு வெளியே இன்னொரு குழு அக்கோப்பையைத் தொட அதன்பின் அறுபத்தோரு ஆண்டுகள் ஆயின. 2019-இல்தான் பீர்லெஸ் குழு வென்றது. பைல் கட்டும் எங்களுக்கும் அந்தக் கோப்பையில் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

பெருமை பேசிய வாயால் ஒரு தோல்வியையும் சொல்லிவிட வேண்டும். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் கேரளம் ரயில்வேயை 3-2 என்று வென்றது. கேரளத்துக்கு அதுவே முதற்கோப்பை. அவர்களுக்குப் பயிற்சியளித்தவர் யார்? ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ். ரயில்வேக்காரனாக வருந்துவதா, தமிழனாக மகிழ்வதா என்று என் பாட்டனார் அன்று திண்டாடிப் போனாராம்.

கோல்கீப்பர்களைப் பற்றி இரண்டே வார்த்தை. பீட்டர் தங்கராஜ் நீலகிரி வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் சிப்பாய். 1955-இலும் 1958-இலும் அக்குழு டியூரண்ட் கோப்பையை வென்றபோது கோலில் நின்றவர். கல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடியவர். இன்றைய குர்பிரீத் சிங் நார்வே நாட்டுக் கழகத்துக்கு ஆடி, 2016-இல் ஐரோப்பியப் போட்டியிலும் நின்று வந்தார். இவ்விருவரில் யார் உயர்ந்தவர் என்று கரக்பூர் மாணவர் கேட்கிறார். கையால் பந்தை வீசி நடு மைதானத்தைத் தாண்ட வைப்பதில் தங்கராஜுக்கு இணை கிடையாது என்று கேட்டிருக்கிறேன். காலால் பந்தை ஆளுவதில் குர்பிரீத் தேர்ந்தவர். பெனால்டிக்கு யாரை நிறுத்துவாய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தங்கராஜ் என்பேன். காரணம் கேட்காதீர்கள். இது பாசம்.

இனி என் கண்ணாலே கண்டவர்களுக்கு வருகிறேன்.

திருச்சூர் அரங்கில் சோடா விற்ற ஐ.எம்.விஜயனின் கடைசிக் காலத்தைத்தான் பார்த்தேன். பாய்ச்சுங் பூட்டியா 1997 ஜூலை 13-ஆம் தேதி சால்ட் லேக்கில் மோகன் பாகானுக்கு எதிராக மூன்று கோல் போட்டபோது நான் சிறு பையன். அன்று அரங்கில் 1,31,781 பேர் இருந்தார்கள் என்பது ஏட்டில் உள்ள கணக்கு. அவர்களில் என் தந்தையார் ஒருவர். அவர் வீடு திரும்பியபோது தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. கையைக் காட்டிக் காட்டியே மூன்று கோலையும் எங்களுக்கு விளக்கினார்.

சுனில் சேத்ரியின் ஆட்டத்தைத்தான் முழுமையாகப் பார்த்தேன் என்று சொல்லலாம். பலராமைப் போலவே செகந்திராபாத்தில் பிறந்தவர். குள்ளமான உடம்பு, சூனியின் நளினம் கிடையாது, பி.கே.யின் இடியும் கிடையாது. ஆனால் 2005 முதல் பத்தொன்பது ஆண்டுகள் 151 ஆட்டங்களில் 94 கோல். 2024 ஜூன் 6-ஆம் தேதி சால்ட் லேக்கில் குவைத்துக்கு எதிராக அவர் விடைபெற்ற ஆட்டத்துக்கு என் பையனை அழைத்துச் சென்றிருந்தேன். கோலே விழாமல் முடிந்தது. அவர் அழுதார், அரங்கமும் அழுதது, என் பையன் மட்டும், "அப்பா, இனிமேல் யார் கோல் போடுவார்கள்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு விடை பத்து மாதத்துக்குள் கிடைத்தது. 2025 மார்ச் மாதம் அதே சேத்ரியை, நாற்பது வயதில், மறுபடியும் அழைத்து வந்து நிறுத்தினார்கள். மாலத்தீவுக்கு எதிராகத் தம் 95-ஆவது கோலைப் போட்டார். மக்கள் கொண்டாடினார்கள். எனக்கோ வெட்கமாக இருந்தது. கழகங்கள் கோல் போடும் இடத்தை அயல்நாட்டாருக்கே கொடுத்து வைத்தால் நம் பையன் அங்கே நின்று பழகுவது எப்போது? அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பையும் இழந்தோம். 1996-இல் உலகத் தரவரிசையில் 94-ஆம் இடத்தில் இருந்த நாடு 2025-இல் 130-க்கும் கீழே போயிற்று. மூத்த அன்பர் திவசம் என்று சொன்னதில் இந்த ஒரு பிண்டத்தை மட்டும் நான் மறுக்கவில்லை.

ஆனால் ஆட்டக்காரர்களின் கால்களில் குறை சொல்வது தவறு. 2023 ஆகஸ்ட் 12-ஆம் தேதியை மறந்துவிட்டீர்களா? டியூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பாகானும் மோதின. தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் தோற்றிருந்த ஈஸ்ட் பெங்கால்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டே வந்தார்கள். அறுபதாவது நிமிஷத்தில் நம் சென்னைப் பையன் நந்தகுமார் வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி, இடக்காலால் வளைத்து மூலையில் போட்டான் பாருங்கள்! மறுநாள் என் மேஜைக்கு அடுத்த மேஜையிலிருக்கும் வங்காளி நண்பர், நான்தான் அந்தக் கோலைப் போட்டவன் போல் என் கையைப் பிடித்துக் குலுக்கி, சந்தேஷ் வாங்கிக் கொடுத்தார். இந்த ஊரில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். தமிழன் என்பதற்காக எனக்கு இனிப்புக் கிடைத்தது அன்று ஒரு நாள்தான்.

பெண்களைப் பற்றி எழுதுவதில்லை என்று சங்கத்து மாதர் பிரிவினர் ஏற்கெனவே குறைப்பட்டிருக்கிறார்கள், நியாயந்தான். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கும் ஆடினார், தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருக்கிறார். 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது நம் மகளிர் அணி. இரண்டு கோலையும் போட்டவர் கல்யாணியைச் சேர்ந்த சங்கீதா பாஸ்போர். ஆண்கள் தவறவிட்டதைப் பெண்கள் பெற்றார்கள். இவர்களைப் பற்றித் தனியே எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நிற்க. மூன்றாவது கட்சிக்காரனிடம் வருகிறேன்.

என் பையன் ஏரிக்கரைப் பக்கத்தில் வார இறுதிகளில் பந்து பழகுகிறான். அங்குள்ள பயிற்சியாளர் ஒருவர் என்னை அழைத்து, ஒரு கழகத்தின் சிறுவர் பிரிவுக்குத் தேர்வு நடக்கிறது, இவனை அனுப்புங்கள் என்றார். தேர்ந்தெடுத்தால் வாரத்துக்கு நான்கு நாள் மாலையில் பயிற்சி. அதாவது கணக்கு டியூஷன் போயிற்று. வீட்டில் இரண்டு வாரமாக இதே பேச்சு. திருச்சியிலிருந்து என் மாமனார் தொலைபேசியில், "மாப்பிள்ளை, பந்து சோறு போடுமா?" என்று கேட்டார். மகள் வாழ்க்கைப்பட்ட இடத்தைப் பற்றிக் கவலைப்படும் மனிதர். அவர் கேட்பதில் குற்றமில்லை.

நான் என்ன பதில் சொல்வது? தஞ்சைப் பக்கத்துக் குலோத்துங்கன் 2003-இல் அதே ஜாகர்த்தாவில் ஆசியான் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் குழுவில் இருந்தார். 2018-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இளவயதிலேயே போய்விட்டார். 2025 ஆகஸ்டில் நாட்டின் முதன்மை லீக் எப்போது தொடங்கும் என்றே தெரியாமல் சில கழகங்கள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தன. இந்தியாவுக்கு ஆடியவர்களே கைகட்டி நின்றார்கள். பலராமுக்கு நோய் வந்தபோது தாங்கிப் பிடிக்க ரயில்வே உத்தியோகம் இருந்தது. பி.கே. பெரிய கழகங்களின் வாசலை மிதிக்காததற்கும் அந்த உத்தியோகந்தானே காரணம்? இன்றும் எங்கள் இலாகாவில் விளையாட்டுக்காரர்களுக்கென்று சில இடங்கள் உண்டு. ஆனால் ஓர் இடத்துக்கு எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள் என்பதை விண்ணப்பங்களைக் கட்டி வைக்கும் எனக்குத் தெரியும்.

இதில் என் சொந்தக் கதையும் கலந்திருக்கிறது. கரக்பூரில் பதினாறு வயதுவரை நானும் இடப்பக்க ஹாபாக ஆடினேன். கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டேன், மோசமில்லை. மெட்ரிக் தேறியிருந்தேன். மேலே படிக்க வேண்டிய வேளையில் என் தந்தையார் பணியிலிருக்கும்போதே இறந்துபோனார். வயது வந்ததும் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. வேலையில் சேர்ந்த அன்று பூட்ஸைப் பரணில் போட்டவன், பிறகு எடுக்கவில்லை. யார் மேலும் எனக்குக் குறையில்லை. ஆனால் பையன் பந்தோடு ஓடும்போது, அது அவன் ஆசையா, பரணிலிருக்கும் பூட்ஸின் ஆசையா என்று எனக்கே பிரித்தறிய முடியவில்லை. இவள் அதை முகத்துக்கு நேரே கேட்டாள். பதில் சொல்லாமல் கடைக்குப் போய்விட்டேன்.

2011 செப்டம்பரில் சால்ட் லேக்கில் ஆர்ஜென்டினாவும் வெனிசுவேலாவும் ஆடியபோது மெஸ்ஸியை நான் நேரில் பார்த்தவன். 1-0 என்ற அந்த ஆட்டத்தில் கோலை வேறொருவர்தான் போட்டார். ஆனால் பந்தில்லாமல் அவர் நடந்த நடையே போதுமானதாக இருந்தது. 2025 டிசம்பர் 13-ஆம் தேதி அவர் மறுபடி அதே அரங்குக்கு வந்தார், ஆடவில்லை. மனிதர்கள் சூழ்ந்து நின்றதில் மேலே இருந்தவர்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாமலே சீக்கிரம் போய்விட்டார். நாற்காலிகள் பறந்தன. டிக்கெட் விலை கேட்டு நாங்கள் போகவில்லை. தொலைக்காட்சியில் அதைப் பார்த்த பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பலராம் தாத்தா எந்தக் காலால் அடிப்பார், அப்பா?" என்று கேட்டான். அவன் என் பாட்டனாரின் ஆட்டக்காரரைப் பற்றிக் கேட்டது அதுவே முதல் முறை.

தேர்வு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு. போகட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். கணக்கு டியூஷனைக் காலைக்கு மாற்ற ஆசிரியர் இசைந்திருக்கிறார். தேர்ந்தெடுத்தால் ஓராண்டு பார்ப்பது, மதிப்பெண் குறைந்தால் நிறுத்துவது என்பது இவளுடைய நிபந்தனை. நானும் பையனும் ஒப்புக் கையெழுத்திட்டிருக்கிறோம். பூட்ஸ் ஓர் அளவு பெரியது. முனையில் பஞ்சு வைத்திருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மூத்த அன்பரிடமிருந்து தொலைபேசி வந்தது. நான்கு பக்கம் போதவில்லை போலும், இன்னும் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். யாரோ சொல்லி விஷயம் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது.

"தம்பி, பையன் எந்தப் பக்கம் ஆடுகிறான்?"

"இடப்பக்கம், ஐயா."

சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். மழை வரும் போலிருக்கிறது. எனக்கும் சேர்த்து ஒரு குடை எடுத்து வா."